பழைய ரெக்கார்ட் பிளேயரை பவர்டு ஸ்பீக்கரில் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷமாக மூடிக் கிடந்த ரெக்கார்ட் பிளேயரைத் தூசி தட்டி எடுத்து, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடங்கிய பவர்டு ஸ்பீக்கரில் கேட்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. இதில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. பெரும்பாலான பிளேயர்களில் ஊசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் திருத்தும் சர்க்யூட்) ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் பாட்டு கெடும், இரண்டாகிவிட்டாலும் கெடும்.

பிளேயரின் ஒயரை நேராக ஸ்பீக்கரில் சொருகினால் போதாதா?

பெரும்பாலான பிளேயர்களுக்குப் போதாது. ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சின்னப் பாகம்தான் கார்ட்ரிட்ஜ். வீட்டு உபயோகத்தில் அதிகம் இருப்பது மூவிங் மேக்னட் வகை. ஊசி அசையும்போது அதிலிருந்து வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். ஸ்பீக்கரின் லைன் இன்புட் எதிர்பார்ப்பதோ 300 மில்லிவோல்ட்டும் அதற்கு மேலும். அதாவது சிக்னலை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்க வேண்டும். இதைத்தான் 40 டெசிபல் கெய்ன் என்கிறார்கள்.

வால்யூமைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அதற்கும் வழியில்லை. இசைத்தட்டை வெட்டும்போதே பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிகிறார்கள். பாஸை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து, ஒரு பக்கத்தில் பாட்டு அடங்காது, ஊசியும் தாண்டும். ட்ரெபிளைக் கூட்டிப் பதிந்து, கேட்கும்போது குறைத்தால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதற்கு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த அளவு 1954-இல் வந்து பிறகு எங்கும் பரவியது. ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகச் செய்கிறது: 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் ஏற்றி, 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் இறக்குகிறது. இது நடக்காவிட்டால் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் தகர டப்பாவுக்குள் பாடுவது போலத்தான் கேட்கும்.

என் பிளேயருக்குள் ப்ரீஆம்ப் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘ஃபோனோ / லைன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் ப்ரீஆம்ப் உள்ளே இருக்கிறது. அதை ‘லைன்’ பக்கம் தள்ளி நேராக ஸ்பீக்கரில் இணைத்துவிடலாம். சுவிட்ச் இல்லாமல், சிவப்பு-வெள்ளை ஆர்.சி.ஏ. ஒயர்களோடு மெல்லிய மூன்றாவது ஒயர் (எர்த் ஒயர்) ஒன்று தொங்கினால், உள்ளே ப்ரீஆம்ப் இல்லை என்று கொள்ளலாம். 1970களிலும் 80களிலும் வந்த நல்ல டர்ன்டேபிள்கள் பெரும்பாலும் இப்படித்தான். அன்றைய ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபோனோ இன்புட் இருந்ததால் பிளேயருக்குள் வைக்கத் தேவைப்படவில்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்பீக்கர் வால்யூமை மிகக் குறைத்து, இணைத்து, ஒரு தட்டைப் போட்டுப் பாருங்கள். மெதுவாக ஏற்றும்போது பாட்டு எங்கோ தூரத்தில், பாஸே இல்லாமல் கேட்டால் ப்ரீஆம்ப் தேவை.

ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் பார்க்க மறக்காதீர்கள். சில பவர்டு ஸ்பீக்கர்களில் ஃபோனோ இன்புட் உண்டு. பிளேயரை ‘லைனி’ல் வைத்துவிட்டு ஸ்பீக்கரை ‘ஃபோனோ’வில் விட்டால் ப்ரீஆம்ப் இரண்டாகிவிடும். அப்போது பாஸ் கும்மென்று வீங்கி, குரல் கரகரத்து உடையும். பிளேயரே கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். ஏதாவது ஒரு சுவிட்சை மாற்றினால் சரியாகிவிடும்.

பெட்டி வடிவ பழைய பிளேயர் என்னிடம் இருக்கிறது. அதற்கும் இதே கணக்கா?

இல்லை. அவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அது சில நூறு மில்லிவோல்ட் வரை தானே தரும். அதன் இயல்பே ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தத்தை ஓரளவு செய்துவிடுவதால் ஃபோனோ ப்ரீஆம்ப் போடக் கூடாது. ஆனால் அது 1 மெகாஓம் அளவு இன்புட் இம்பீடன்ஸை (சிக்னலுக்கு இன்புட் காட்டும் மின்தடையை) எதிர்பார்க்கும். பவர்டு ஸ்பீக்கர்களில் இருப்பது வழக்கமாக 10 முதல் 50 கிலோஓம்தான். நேராகச் சொருகினால் பாட்டு வரும், பாஸ் வராது. நடுவில் 1 மெகாஓம் இன்புட் கொண்ட பஃபர் சர்க்யூட் ஒன்றை வைத்தால் சரியாகும். கிட்டாருக்கான ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸும் பலவற்றில் இந்த வேலையைச் செய்யும், சேனலுக்கு ஒன்றாக இரண்டு வேண்டும்.

எந்த வகை என்று தெரிய மல்டிமீட்டர் போதும். பிளேயரை எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, கார்ட்ரிட்ஜின் ஒரு சேனலுக்குரிய இரண்டு பின்களில் ஓம் அளந்து பாருங்கள். மூவிங் மேக்னட் என்றால் உள்ளே கம்பிச்சுருள் இருப்பதால் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும். செராமிக் என்றால் ஓபன் என்று காட்டும். விலை கூடிய மூவிங் காயில் கார்ட்ரிட்ஜில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அதன் சுருள் மிக மெல்லியது.

என்னென்ன வாங்க வேண்டும்?

மூவிங் மேக்னட்டுக்கான ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று: 47 கிலோஓம் இன்புட், 40 டெசிபல் ஒட்டிய கெய்ன். மூவிங் காயில் என்றால் சிக்னல் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆகவே 60 டெசிபல் வேண்டும். ப்ரீஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி ஒயர். ஊசியின் அழுத்தம் அளக்க ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. ஊசி துடைக்க ஒரு பிரஷ். தட்டின் தளமட்டம் பார்க்க ஒரு ரசமட்டம்.

ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை: சாதாரண ப்ரீஆம்பே போதும். மிச்சம் பிடித்த பணத்தைப் புது ஊசியில் போடுங்கள். பழைய பிளேயரில் காதுக்கு உடனே தெரியும் மாற்றம் அங்கேதான் கிடைக்கும்.

இணைக்கும் வரிசை என்ன?

1. எல்லாவற்றின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும்.
2. பிளேயரின் வெள்ளை ஆர்.சி.ஏ. முனையை ப்ரீஆம்பின் இடது இன்புட்டில், சிவப்பை வலது இன்புட்டில் சொருகுங்கள்.
3. எர்த் ஒயரின் கவட்டை முனையை ப்ரீஆம்பில் உள்ள திருகில் மாட்டி இறுக்குங்கள்.
4. ப்ரீஆம்பின் அவுட்புட்டிலிருந்து ஸ்பீக்கரின் லைன் இன்புட்டுக்கு ஒயர் போடுங்கள். இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே மாதிரி இருக்கும், எழுத்தைப் படித்துச் சொருகுங்கள்.
5. பிளேயர், ப்ரீஆம்ப், கடைசியாக ஸ்பீக்கர் என்று ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கர். வரிசை மாறினால் ‘தடால்’ என்ற அதிர்ச்சி ட்வீட்டருக்குப் போகும்.
6. ஊசியைத் தட்டில் இறக்கிய பிறகு வால்யூமை ஏற்றுங்கள்.

பிளேயரிலிருந்து ப்ரீஆம்ப் வரையுள்ள ஒயர் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். ஒயரின் நீளம் கூடக் கூட அதன் கெப்பாசிட்டன்ஸ் கூடி மூவிங் மேக்னட்டின் ட்ரெபிளை மாற்றிவிடும். மெல்லிய சிக்னல் என்பதால் வழியில் இரைச்சலும் ஏறும். ப்ரீஆம்புக்குப் பிறகு அந்தக் கவலை இல்லை, 5 மீட்டர் போனாலும் பாதகமில்லை. ஆகவே ப்ரீஆம்ப் பிளேயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

‘ஹ்ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். எங்கே தேடுவது?

முதலில் எர்த் ஒயர். டோன்ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின்) உலோகப் பகுதியை விரலால் தொடுங்கள். இரைச்சல் மாறினால் எர்த் தொடர்பு விட்டிருக்கிறது. கவட்டை முனையில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டு மீண்டும் இறுக்குங்கள். ஒயரே அறுந்து போயிருந்தால் டோன்ஆர்ம் அடிப்பாகத்தின் உலோகத்திலிருந்து புது ஒயர் ஒன்றை இழுத்துக்கொள்ளலாம்.

எர்த் சரியாக இருந்தும் இரைந்தால், கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு ஒயர்களைப் பாருங்கள். வெள்ளை இடது பாசிட்டிவ், நீலம் இடது நெகட்டிவ், சிவப்பு வலது பாசிட்டிவ், பச்சை வலது நெகட்டிவ். ஏதாவது ஒன்று கழன்று தொங்கினாலே உரத்த இரைச்சல் வரும்.

இன்னொரு சோதனை: தட்டைச் சுழலவிட்டு, ஊசியை இறக்காமல் ஆர்மைக் கையால் மெல்ல நடுவை நோக்கி நகர்த்துங்கள். உள்ளே போகப் போக இரைச்சல் கூடினால் மோட்டாரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் பிடிக்கிறது. அது ஒயரில் தீராது. காந்தக் கவசம் நன்றாக உள்ள வேறு கார்ட்ரிட்ஜ் போட வேண்டும். ப்ரீஆம்பை நகர்த்தினால் இரைச்சல் மாறுகிறது என்றால் பக்கத்தில் ஏதோ அடாப்டரோ டிரான்ஸ்பார்மரோ இருக்கிறது. ஒரு முழம் தள்ளி வைத்தாலே குறையும்.

இரைச்சலைப் போக்க மின் பிளக்கின் எர்த் காலை நீக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

ஸ்பீக்கரில் ஆர்.சி.ஏ. சாக்கெட் இல்லை. என்ன செய்வது?

3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட் இருந்தால், இரண்டு ஆர்.சி.ஏ. ஒருபக்கமும் 3.5 மி.மீ. பிளக் மறுபக்கமும் உள்ள ஒயர் போதும். அதில் ‘மைக்’ என்று எழுதியிருந்தால் சொருகாதீர்கள்.

ஸ்டுடியோ மானிட்டர் வகை ஸ்பீக்கர் என்றால் கவனம் தேவை. இடதும் வலதும் தனித்தனிப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு 6.35 மி.மீ. சாக்கெட். அதற்கு ஆர்.சி.ஏ. முதல் 6.35 மி.மீ. மோனோ ஒயர் இரண்டு வாங்குங்கள். ஸ்டீரியோ ஒயரை ஒரே மானிட்டரில் சொருகினால் விசித்திரமான ஒன்று நடக்கும்: வாத்தியங்கள் கேட்கும், பாடுபவரின் குரல் காணாமல் போகும். அந்த சாக்கெட் பேலன்ஸ்டு வகை. தனக்கு வரும் இரண்டு சிக்னல்களின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். குரல் இடதிலும் வலதிலும் சமமாகப் பதிந்திருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது.

மானிட்டர்களில் வால்யூம் திருகு பின்பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். பல ப்ரீஆம்ப்களில் வால்யூமே இருக்காது. நடுவில் ஒரு பாஸிவ் வால்யூம் கன்ட்ரோலர் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கருக்குப் பின்னால் கை விட வேண்டியிருக்காது.

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் கூடவே இருக்கிறது. பயன்படுமா?

நன்றாகப் பயன்படும். அதில் ஃபோனோ இன்புட்டும், ‘டேப் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’ சாக்கெட்டும் இருந்தால் அதுவே உங்கள் ப்ரீஆம்ப். பிளேயரை ஃபோனோவில் சொருகி, டேப் அவுட்டிலிருந்து பவர்டு ஸ்பீக்கருக்கு ஒயர் போடுங்கள். வால்யூமை ஸ்பீக்கரில்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் டெர்மினல்களிலிருந்து பவர்டு ஸ்பீக்கரின் இன்புட்டுக்கு ஒருபோதும் இணைக்காதீர்கள். அங்கே வருவது பல வோல்ட். ஸ்பீக்கரின் இன்புட் எரியலாம், சில ஆம்ப்ளிஃபயர்களே ஷார்ட் ஆகிப் போகலாம்.

பிளேயரின் ஒயர் முனையில் வட்டமான 5 கால் பிளக் இருக்கிறதே?

அது டி.ஐ.என். பிளக். பழைய ஐரோப்பிய பிளேயர்களில் சகஜம். வழக்கமாக 3-ஆம் கால் இடது, 5-ஆம் கால் வலது, நடுவில் உள்ள 2-ஆம் கால் எர்த். டி.ஐ.என்.-இலிருந்து ஆர்.சி.ஏ.-வுக்கு மாறும் ஒயர் தயாராகவே கிடைக்கும். நான்கு ஆர்.சி.ஏ. முனை உள்ள வகையை வாங்கிவிட்டால் எந்த ஜோடியில் பாட்டு வருகிறதோ அதைப் பயன்படுத்துங்கள்.

சுழல்கிறது, ஆனால் பாட்டு இழுபடுகிறது. ஏன்?

பெல்ட் டிரைவ் என்றால் ரப்பர் தளர்ந்திருக்கும். தட்டைத் தாங்கிச் சுழலும் பிளாட்டரைத் தூக்கிப் பாருங்கள். சில பெல்ட்கள் தார் போல உருகி மோட்டாரின் கப்பியில் ஒட்டிக் கிடக்கும். ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கடைசிக் கறை வரை துடைத்தெடுங்கள், மிச்சம் இருந்தால் புது பெல்ட்டும் வழுக்கும். மாடலுக்குரிய பெல்ட் அளவு தெரியாவிட்டால், பெல்ட் போகும் வழியில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 சதவீதம் அளவு குறைந்த சுற்றளவில் வாங்குங்கள்.

வேகத்தைச் சோதிக்க ஒரு தாளைத் தட்டில் ஒட்டி ஒரு நிமிஷம் எண்ணினால் போதும்: 33⅓ சுற்று. 3 நிமிஷத்துக்குச் சரியாக 100. அதே அளவு தாமதம் எப்போதும் இருந்து, பிளேயர் வேறு நாட்டிலிருந்து வந்தது என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கான சிங்க்ரனஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் நிமிஷத்துக்கு 28 சுற்றுதான் வரும். வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் இதைச் சரி செய்யாது. மோட்டாரின் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்ற வேண்டும். 110 வோல்ட் பிளேயரை 230 வோல்டில் நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஊசியை மாற்ற வேண்டுமா? அழுத்தம் எவ்வளவு வைப்பது?

வரலாறு தெரியாத ஊசி என்றால் மாற்றிவிடுங்கள். வைர ஊசிக்கே பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம்தான் ஆயுள். தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரை உழுதுவிடும், அந்தச் சேதம் தட்டில் நிரந்தரம். ஓடாத ஊசியும் தப்பாது. அதைத் தாங்கும் ரப்பர் வருஷக் கணக்கில் இறுகிப் போகும். கைபேசி கேமராவைப் பக்கவாட்டில் நெருக்கி வைத்துப் பாருங்கள். ஊசி இறங்கியதும் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டை உரசுகிறது என்றால் ரப்பர் செத்துவிட்டது.

அழுத்தம் வைக்கும் முறை: ஆர்ம் நடுவை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஊசியின் மூடியைக் கழற்றி, பின்பக்க எடையைத் திருகித் திருகி, கை விட்டதும் ஆர்ம் தராசு முள் போல அந்தரத்தில் நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எடையை அசைக்காமல், எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடையும் வளையமும் சேர்ந்து சுழலுமாறு திருப்பி வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வையுங்கள். முடித்ததும் தராசில் ஊசியை இறக்கிச் சரிபாருங்கள், பழைய வளையங்கள் பொய் சொல்வதுண்டு.

எண் கார்ட்ரிட்ஜுக்குக் கார்ட்ரிட்ஜ் மாறும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 1.8 கிராம், ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ 2 கிராம், மலிவான பிளேயர்களில் வரும் ஏடி3600எல் 2.5 முதல் 3.5 கிராம். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. அழுத்தம் போதாத ஊசி உரத்த இடங்களில் பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி விழும், சேதம் அதில்தான் அதிகம்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

ப்ரீஆம்பின் இன்புட்டில் இடது வலது ஒயர்களை மாற்றிச் சொருகுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் கோளாறு பிளேயரில். மாறாவிட்டால் ப்ரீஆம்பிலோ அதற்குப் பிறகோ. பிளேயரில் என்றால் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முன்பகுதியான ஹெட்ஷெல்லைக் கழற்றி, அதன் நான்கு புள்ளிகளையும் ஆர்மின் முனையில் உள்ள நான்கு பின்களையும் ஆல்கஹாலில் துடையுங்கள். பெரும்பாலும் இதிலேயே உயிர் வந்துவிடும். தானியங்கி பிளேயர்களில் இன்னொரு இடம் உண்டு: ஆர்ம் நகரும்போது சத்தத்தை நிறுத்த உள்ளே ஒரு மியூட் சுவிட்ச் இருக்கும். அது ஒட்டிக்கொண்டால் ஒரு சேனலோ இரண்டுமோ அடைபட்டுக் கிடக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் விடும்.

வால்யூம் ஏற்றினால் ஊளையிடுகிறது, ஊஃபர் தானாக முன்னும் பின்னும் ஆடுகிறது.

இரண்டும் வேறு வேறு. ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேஜையில் இருந்தால் அதிர்வு மேஜை வழியாக ஊசிக்கு வந்து, பெருகி, திரும்ப ஸ்பீக்கருக்குப் போய் ஊளையாகிறது. தட்டு நின்றிருக்கும்போது ஊசியை அதன் மேல் வைத்து, வால்யூமைப் பாதி ஏற்றி, மேஜையை விரலால் தட்டுங்கள். ‘டொம்’ என்று ஸ்பீக்கரில் கேட்டால் இடத்தை மாற்றுங்கள். பிளேயருக்குச் சுவரில் பதித்த பலகை மிக நல்லது. ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்ச் மேஜையைப் பிரிப்பதற்கு ஈடாகாது.

ஊஃபர் சத்தமில்லாமல் அலைவது, நெளிந்த தட்டு ஊசியை ஏற்றி இறக்குவதால். அந்த அசைவு காதுக்குக் கேட்காத 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். ப்ரீஆம்பில் அதை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இருந்தால் போடுங்கள்.

பக்கம் முடியும் இடத்தில் மட்டும் ‘ஸ’ கீச்சிடுகிறதே?

தட்டின் ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் வினாடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடும். நடுவுக்கு வரும்போது சுமார் 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. உருண்டை முனை ஊசியால் அதைப் படிக்க முடிவதில்லை. நீள்வட்ட முனை ஊசி போட்டு, கார்ட்ரிட்ஜின் கோணத்தை அலைன்மென்ட் தாளில் சரிபார்த்தால் வெகுவாகக் குறையும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்கலாமா?

கேட்கலாம். ப்ரீஆம்பின் லைன் அவுட்புட்டில் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரை மாட்டுங்கள். ப்ரீஆம்புக்கு முன்னால் மாட்டினால் சரியாகக் கேட்காது.

78 வேகத் தட்டுகளையும் இதில் போடலாமா?

பிளேயரில் 78 வேகம் இருந்தால் போடலாம், ஆனால் வேறு ஊசியோடு. எல்.பி. ஊசியின் முனை ஏறக்குறைய 18 மைக்ரான் ஆரம், 78-க்கு 76 மைக்ரான் அளவில் வேண்டும். சின்ன ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை ஆர்.ஐ.ஏ.ஏ.-வுக்கு முந்தையவை. ஆகவே வழக்கமான ப்ரீஆம்பில் ட்ரெபிள் மங்கலாகத் தெரிந்தால் ஸ்பீக்கரின் ட்ரெபிள் திருகைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். இடதிலும் வலதிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு அது. ப்ரீஆம்பில் மோனோ சுவிட்ச் இருந்தால் போடுங்கள், ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் சரசரப்பு பெருமளவு அடங்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. வினைல் தட்டுக்குப் பயன்படுத்தும் ஆல்கஹால் கலந்த திரவம் பட்டால் கரையும். ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் வட்டத்தை ஒட்டியே துடைத்து, நல்ல நீரில் அலசி, நடு லேபிள் நனையாமல் பிடித்துக்கொண்டு, உடனே ஒற்றி எடுத்து நிழலில் உலரவிடுங்கள்.